27 வயதில் ராணுவ அதிகாரி ஆவது: வேலை உத்தரவாதம் எந்த வழியில் இருக்கிறது?

தனியார் வேலையில் ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது, ஆட்குறைப்பு பக்கத்து டீம் வரை வந்துவிட்டது, வீட்டில் ஈ.எம்.ஐ. ஓடுகிறது. இந்த நேரத்தில் யாராவது ஒருவர் "ராணுவத்தில் ஆபீசராகப் போயிடு, வேலை போகாது, பென்ஷனும் வரும்" என்று சொல்லிவிடுகிறார். அன்று ராத்திரியே வயது வரம்பைத் தேட ஆரம்பிக்கிறோம். 25 என்று ஒரு இடத்தில் இருக்கிறது, 27 என்று இன்னொரு இடத்தில், 42 என்றுகூட ஓரிடத்தில். எல்லாமே "இந்திய ராணுவ அதிகாரி" என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன, ஆனால் அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவ அதிகாரி வேலை மதிப்பான வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 25ஐத் தாண்டியவருக்குத் திறந்திருக்கும் வழிகளில் பெரும்பாலானவை நிரந்தர வேலை தருகிற வழிகள் இல்லை. ஒன்று காலக்கெடு போட்ட வேலை. இன்னொன்று, ஏற்கெனவே வேறு வேலை இருப்பவரை மட்டுமே எடுக்கிற வேலை. இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. தெரியாமல் போனால் 40 வயதுக்கு மேல் மறுபடியும் இதே கேள்வியோடு நிற்க வேண்டியிருக்கும், அப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் 20 என்ற எண். ராணுவ அதிகாரிக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் பொதுவாக 20 ஆண்டு தகுதிப் பணி இருக்க வேண்டும். அப்படி முடித்தால் கிடைப்பது பழைய முறை ஓய்வூதியம், அதாவது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. 2004க்குப் பிறகு மத்திய அரசின் மற்ற துறைகளில் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. ராணுவத்தின் உண்மையான உத்தரவாதம் என்று நான் கருதுவது இதைத்தான். ஆகவே எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் "இந்த வழி என்னை 20 ஆண்டு வரை கொண்டுபோகுமா" என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது வயது. இங்கே நம் ஊர்க்காரர்கள் தொடர்ந்து தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது: முப்படைகளின் அதிகாரி தேர்வுகளில் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடும் கிடையாது, வயதுத் தளர்வும் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. என்று பழகியவர்கள் "எனக்கு மூன்று வருஷம் கூடுதலாக வரும்" என்று மனக்கணக்கு போட்டுவிடுகிறார்கள். வராது. 27 என்றால் எல்லோருக்கும் 27தான்.

மூன்றாவது, கல்யாணம். பல வழிகளில் மணமாகாதவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும், பயிற்சிக் காலத்தில் கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. 27 வயது ஆளுக்கு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் இது சின்ன நிபந்தனை இல்லை. அப்புறம், இடையில் வெளியே வந்தால் கையில் என்ன இருக்கும், குடும்பம் எவ்வளவு காலம் பிரிந்திருக்கும் என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

| வழி | வயது | மணமானவர் விண்ணப்பிக்கலாமா | பணிக்காலம் | ஓய்வூதியம் |
|---|---|---|---|---|
| டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ் | 20–27 | முடியாது | நிரந்தரம் | உண்டு |
| ஷார்ட் சர்வீஸ் கமிஷன் (பொறியியல், சட்டம்) | 27 வரை | முடியாது | 10 + 4 ஆண்டு | 14இல் வெளியேறினால் இல்லை |
| ஷார்ட் சர்வீஸ், மருத்துவர் | எம்.பி.பி.எஸ். 30, முதுநிலை 35 வரை | முடியும் | அதிகபட்சம் 14 ஆண்டு | நிரந்தர கமிஷன் கிடைத்தால் மட்டும் |
| டெரிட்டோரியல் ஆர்மி | 18–42 | முடியும் | வருஷத்துக்கு 2 மாதம், அழைத்தால் கூடுதல் | 20 ஆண்டு முழுநேரமாக அழைக்கப்பட்டிருந்தால் மட்டும் |
| துணை ராணுவ அசிஸ்டென்ட் கமாண்டன்ட் | 20–25, தளர்வு உண்டு | முடியும் | 60 வயது வரை | புதிய முறை |

## டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ்: நிரந்தரம், ஆனால் ஊசிமுனை வாசல்

பொறியியல் பட்டதாரிக்கு 27 வயது வரை நேரடியாக நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரைக்குமான அதிகாரி நியமனம், தருகிற வழி இது. எழுத்துத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து எஸ்.எஸ்.பி. எனும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்கு அழைப்பார்கள். பயிற்சி டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில். 28இல் கமிஷன் ஆனால் 48இல் 20 ஆண்டு முடிந்துவிடும். லெப்டினன்ட் கர்னல், கர்னல் பதவிகளுக்கு ஓய்வு வயது 54 என்பதால் அதற்கு மேலும் ஆறு வருஷம் இருக்கிறது. வேலை உத்தரவாதம்தான் நோக்கம் என்றால், தாமதமாக வருகிறவருக்கு ராணுவத்தின் எல்லா வழிகளிலும் இதுதான் சரியான விடை.

சிக்கல், இடங்கள். அண்மை அறிவிப்புகளில் ஒரு முறைக்கு 30 இடங்கள்தான், அதையும் கட்டடப் பொறியியல், கணினி, மின்னியல் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். மணமாகாத ஆண்களுக்கு மட்டும். இதை விண்ணப்பிக்காமல் விடக் கூடாது, ஆனால் இதை நம்பி வேறு எதையும் நிறுத்தி வைக்கவும் கூடாது.

## ஷார்ட் சர்வீஸ் கமிஷன்: எல்லோரும் தேடுவது இதைத்தான்

பொறியியல் படித்தவர்களுக்கு ஒரு முறைக்கு 350 இடங்களுக்கு மேல், பெண்களுக்கும் தனி இடங்கள், சட்டம் படித்தவர்களுக்குச் சட்டப் பிரிவில் 21 முதல் 27 வரை என்று அகலமான வழி இது. பணியில் இறந்த படைவீரரின் மனைவிக்கு மட்டும் 35 வயது வரை தளர்வு உண்டு. ஷார்ட் சர்வீஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமி. சீனப் போருக்கு அடுத்த ஆண்டு, 1963இல், அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டதால் தொடங்கியது. பயிற்சி 49 வாரம். பயிற்சியின்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை வருகிறது. லெப்டினன்ட் ஆனதும் அதே 56,100 அடிப்படைச் சம்பளத்தோடு 15,500 ராணுவப் பணி ஊதியம், அதற்கு மேல் அகவிலைப்படி, இதர படிகள். குடியிருப்பு, மருத்துவம், கேன்டீன் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இதே வயதில் இது குறைந்த சம்பளம் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது வயதை வைத்துக் கணக்கு போடுவோம். 27இல் விண்ணப்பித்தீர்கள், 28 முடியும் தறுவாயில் தோளில் நட்சத்திரம். பத்தாவது வருஷம், அதாவது 38இல், நிரந்தர கமிஷன் கேட்கலாம்; மேலதிகாரிகள் உங்களைப் பற்றி எழுதிய ரகசிய அறிக்கைகள், உடல்தகுதி, காலியிடம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தருவார்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பபிதா புனியா வழக்கில் தீர்ப்பு சொன்ன பிறகு பெண்களுக்கும் இந்த வாய்ப்பு திறந்தது. கிடைத்தால் பிரச்சினை இல்லை, 48இல் ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். கிடைக்காவிட்டால் இன்னும் நான்கு வருஷம் நீட்டிப்பு, 42இல் வெளியே. 13 ஆண்டு முடிந்ததும் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிடுவதால், 1,21,200இல் தொடங்கும் அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துவிட்ட ஆள், அடுத்த வருஷமே மாத வருமானம் எதுவும் இல்லாமல் ஊருக்கு வருகிறார். பணிக்கொடை வரும், குழுக் காப்பீட்டுச் சேமிப்பு வரும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்திலும் 2019 முதல் சேர வழி இருக்கிறது. ஆனால் மாதாமாதம் வருகிற பணம் கிடையாது.

"அதுக்கப்புறம் எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டாவில் அரசு வேலை வாங்கிக்கலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. மத்திய அரசில் அந்த ஒதுக்கீடு பெரும்பாலும் குரூப் சி நிலைப் பணிகளுக்கானது. லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர் எழுத்தர் வேலைக்குப் போவாரா என்பதை நீங்களே யோசியுங்கள். குடிமைப் பணித் தேர்வில் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு ஐந்து வருஷம் வயதுத் தளர்வு இருப்பது உண்மைதான், ஆனால் அது யாருக்குப் பயன்படும்? 22இல் சேர்ந்து 32இல் வெளியே வருகிறவருக்கு அருமையாகப் பயன்படும். 28இல் சேர்ந்தவர் மிகச் சீக்கிரம் வந்தாலே 38; பொதுப் பிரிவுக்கு 32 கூட்டல் 5, 37தான், ஆகவே தாண்டிப்போயிற்று. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 40 வரை போகும், அதுவும் இரண்டு வருஷ அவகாசம்தான். தாமதமாகச் சேருவதன் மறைமுகச் செலவு இப்படித்தான் வரும்: திட்டத்தில் எழுதியிருக்கும் சலுகை ஒவ்வொன்றும் இளம் வயதில் சேர்ந்தவரை மனதில் வைத்து எழுதப்பட்டது.

இன்னொன்று, மென்பொருள் நிறுவனத்தில் கோடு எழுதிக்கொண்டிருந்தவர் பத்துப் பதினான்கு வருஷம் கழித்து அதே துறைக்குத் திரும்ப முடியாது. வெளியே வரும் அதிகாரிகளை நிறுவனங்கள் நிர்வாகம், பாதுகாப்பு, சரக்குப் போக்குவரத்து, ஆட்களை வழிநடத்தும் பொறுப்புகள் என்ற பக்கம்தான் எடுக்கின்றன. மறுவாழ்வு இயக்ககம் ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் அதிகாரிகளுக்கு ஆறு மாத மேலாண்மைப் படிப்பு ஏற்பாடு செய்கிறது, அது உண்மையிலேயே உதவுகிறது. அந்தப் பக்கம் போக விருப்பம் உண்டா என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் யாருக்கு இது நல்லது? வேலையே பிடித்திருக்கிறவருக்கு. பத்து வருஷம் அந்த வாழ்க்கையை வாழ்ந்துவிட்டு 38இல் புதிதாகத் தொடங்கத் தயாராக இருப்பவருக்கு. வாழ்க்கைத் துணைக்கு நிலையான வருமானம் இருக்கிறவருக்கு இன்னும் நல்லது. பாதுகாப்புக்காக மட்டும் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## டெரிட்டோரியல் ஆர்மி: 42 என்று பார்த்து ஏமாற வேண்டாம்

32, 36, 40 வயதில் இருப்பவர்கள் கண்ணில் படுவது இந்த 42தான். 1949 அக்டோபர் 9 அன்று, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கிவைத்த படை இது. இதன் அடிப்படையே "குடிமகன்-படைவீரன்" என்பது. ஏற்கெனவே ஊதியமுள்ள ஒரு வேலையோ தொழிலோ உங்களுக்கு இருக்க வேண்டும். வருஷத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்கு வந்துவிட்டு மறுபடியும் உங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள். சீருடையில் இருக்கும் நாட்களுக்கு நிரந்தர ராணுவ அதிகாரிக்கு உள்ள சம்பளமே கிடைக்கும். மற்ற மாதங்களுக்கு ஒன்றும் கிடையாது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவருக்கு, "முதலில் வேலை இருக்க வேண்டும்" என்று சொல்கிற படை எப்படி விடையாகும்?

தோனியும் கபில் தேவும் இதில் இருப்பதைப் பார்த்து இது ஒரு கௌரவப் பதவி என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்தது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. உங்களுக்கான வழி சச்சின் பைலட் 2012இலும் அனுராக் தாக்கூர் 2016இலும் வந்த வழி, அதாவது தேர்வு, எஸ்.எஸ்.பி., மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டி லெப்டினன்ட்டாக. தாக்கூருக்கு அப்போது 41 வயது. போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், 2025 அறிவிப்பில் நாடு முழுமைக்கும் 19 இடங்கள்.

"இரண்டு மாதம்தானே" என்பதும் முழு உண்மை இல்லை. தேவைப்பட்டால் பட்டாலியனை முழுநேரப் பணிக்கு அழைப்பார்கள், காஷ்மீரிலும் வடகிழக்கிலும் வருஷக்கணக்கில் இருக்க நேரலாம். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில், டெரிட்டோரியல் ஆர்மியை அழைத்துக்கொள்ள மத்திய அரசு ராணுவத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐப் பணியில் இறக்க ஒப்புதலும் தந்தது. திரும்பி வரும்போது பழைய வேலையைத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அரசு ஊழியருக்கும் பொதுத்துறை ஊழியருக்கும் இது நடைமுறையில் சுலபம். தனியார் நிறுவனத்தில், வருஷத்துக்கு இரண்டு மாதம் காணாமல் போகிறவருக்குப் பதவி உயர்வு எப்படி இருக்கும் என்பதை உங்கள் மேலாளர் முகத்தை நினைத்துப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே இது யாருக்கு? நிரந்தர அரசு வேலை, வங்கி வேலை, சொந்தத் தொழில் இருக்கிறவர், சின்ன வயதில் போக முடியாத ராணுவத்தின் மேல் இன்னும் பாசம் இருக்கிறவர். அவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. கோயம்புத்தூரிலேயே இந்தப் படையின் ஒரு மெட்ராஸ் பட்டாலியன் இருக்கிறது.

## மருத்துவர்கள்

சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இவர்களுக்குக் கணக்கே வேறு. எம்.பி.பி.எஸ். 30 வரை, முதுநிலை 35 வரை, மணமானாலும் பிரச்சினை இல்லை, சேரும்போதே கேப்டன், அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் தனியாகத் தொழில் செய்யாததற்கான படி. முதலில் 5 வருஷம், பிறகு நீட்டித்தால் மொத்தம் 14. இடையில் துறைத் தேர்வு எழுதி நிரந்தரமாகலாம், ஆனால் அதற்கும் வயது வரம்பு உண்டு என்பதால் சேர்ந்த உடனே அதைப் பற்றி விசாரியுங்கள். ஐந்து வருஷத்தில் வெளியே வந்தாலும் மருத்துவரின் தொழில் எங்கேயும் போகாது. தாமதமாகச் சேர்ந்து எந்த இழப்பும் இல்லாமல் வெளியேறக்கூடியவர்கள் அநேகமாக இவர்கள் மட்டும்தான்.

## துணை ராணுவம்: பேச்சில் வராத, ஆனால் உத்தரவாதமுள்ள வழி

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற படைகளில் அசிஸ்டென்ட் கமாண்டன்ட் பதவிக்கு யு.பி.எஸ்.சி. ஒவ்வொரு ஆண்டும் தேர்வு நடத்துகிறது. பொதுப் பிரிவுக்கு 25, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 30. இங்கே தளர்வு உண்டு. நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சமூகங்களில் பெரும்பாலானவை மத்தியப் பட்டியலில் இதர பிற்படுத்தப்பட்டோராக வருவதால், கிரீமி லேயரில் வராதவர் 27இலும் எழுதலாம். அதே 56,100 தொடக்கச் சம்பளம், காலக்கெடு இல்லாத நிரந்தரப் பணி, ஓய்வு 60இல். எஸ்.எஸ்.பி. கிடையாது, எழுத்துத் தேர்வு, உடற்தகுதித் தேர்வு, நேர்முகம். ஆண்களுக்கு 100 மீட்டர் 16 விநாடி, 800 மீட்டர் மூன்றே முக்கால் நிமிடம், நீளம் தாண்டல் மூன்றரை மீட்டர்.

குறைகள் இல்லாமல் இல்லை. ராணுவத்தின் பழைய ஓய்வூதியம் இங்கே இல்லை; தேசிய ஓய்வூதியத் திட்டம், அல்லது 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். அதில் 25 ஆண்டு முடித்தால் கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. 28இல் சேர்ந்தவர் 25 ஆண்டைச் சுலபமாக எட்டிவிடுவார். பதவி உயர்வு மெதுவாகத்தான் நகரும், மேல்மட்டத்தில் ஐ.பி.எஸ். அதிகாரிகள் இருப்பார்கள், பணியிடங்கள் சத்தீஸ்கர் காடும் எல்லையும்தான். ஆனால் "42இல் வெளியே போ" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலை உத்தரவாதம் என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் இது ஷார்ட் சர்வீஸைவிட எவ்வளவோ மேல், அதைப் பேசுவார்தான் இல்லை.

## அறிவிப்பில் எழுதாத செலவுகள்

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாள் காலையில் மார்பில் எண் கட்டிக்கொண்டு உட்கார்கிறீர்கள். நுண்ணறிவுத் தேர்வு, மங்கலான ஒரு படத்தைப் பார்த்து ஒரு கதை, அதைப் பற்றிக் குழுவாக விவாதம். மதியத்துக்கு மேல் எண்களை வாசிப்பார்கள். உங்கள் எண் வராவிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ரயில் நிலையம். வந்த கூட்டத்தில் பெரும் பகுதி அப்படித்தான் கிளம்பும். தங்கியவர்களுக்கு அடுத்த நாள் 15 விநாடிக்கு ஒரு சொல் வீதம் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் மனதில் தோன்றும் வாக்கியம். வேலையில் இருப்பவருக்கு இதற்கு ஒரு வாரம் விடுப்பு வேண்டும், போபாலுக்கோ பிரயாக்ராஜுக்கோ பயணம் வேண்டும், இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்றால் மறுபடியும் விடுப்பு. தேறிய பிறகு மருத்துவப் பரிசோதனை, அப்புறம் தகுதிப் பட்டியல். தேறிவிட்டும் பட்டியலில் பெயர் வராதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பயிற்சியில் சேரும் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா செய்யக் கூடாது. அதே நேரம் கடிதம் வந்தால் அவகாசம் குறைவு என்பதால், உங்கள் நிறுவனத்தில் நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா என்று முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் சொந்தக் காரணத்துக்காக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அடிபட்டு மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால் நிலைமை இன்னும் கடினம்: கமிஷன் ஆகும்வரை நீங்கள் அதிகாரி இல்லை, அதனால் ஊனமுற்ற அதிகாரிக்குரிய ஓய்வூதியம் கிடையாது, கருணைத் தொகைதான். இப்படி வெளியேற்றப்பட்டவர்களின் நிலையை உச்ச நீதிமன்றம் 2025இல் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 21 வயது முட்டியும் 27 வயது முட்டியும் ஒன்றில்லை. ஆறு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் சீனியாரிட்டி. 28 வயது லெப்டினன்ட்டுக்கு மேலே 25 வயது கேப்டன் இருப்பார், அவரை "சார்" என்று கூப்பிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். ஏற்கெனவே பத்துப் பேரை வழிநடத்தியவருக்கு இது முதல் இரண்டு வருஷம் உறுத்தும். குடும்பத்தை அழைத்துப் போக முடியாத இடத்தில் போஸ்டிங் வரும்போது வயதான அப்பா அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்வி 22 வயதில் எழாது, 30இல் கட்டாயம் எழும்.

## அப்படியானால் யாருக்கு எது

27க்குள், பொறியியல் படித்த, மணமாகாத ஆண் என்றால் டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸுக்கும் ஷார்ட் சர்வீஸுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள், வயது தகுதி இருந்தால் துணை ராணுவத் தேர்வையும் விடாதீர்கள். மூன்றில் எது வந்தாலும் எதை எடுப்பது என்று முன்பே வீட்டில் பேசிவையுங்கள். பாதுகாப்புதான் முக்கியம் என்றால் ஷார்ட் சர்வீஸ் மூன்றாவது.

27 முதல் 30 வரை, தளர்வுக்குத் தகுதி உண்டு என்றால் துணை ராணுவம். மருத்துவர் என்றால் தயங்கவே வேண்டாம்.

30க்கு மேல், மருத்துவரும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை என்றால், ராணுவம் உங்கள் வேலைப் பிரச்சினையைத் தீர்க்காது. இந்த வயதில் குரூப் 1 போன்ற மாநிலத் தேர்வுகளுக்குப் பொதுப் பிரிவில் 34, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளில் 39 வரை நேரம் இருக்கிறது. அதில் முதலில் காலை ஊன்றுங்கள். அதன் பிறகும் சீருடை ஆசை இருந்தால் டெரிட்டோரியல் ஆர்மி 42 வரை காத்திருக்கும், அரசு வேலை இருக்கிற ஆளாகப் போனால் அதற்கான தகுதியும் வலுவாக இருக்கும்.

எந்த வழியானாலும் விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு பொது மருத்துவரிடம் போய் கண் பவர், நிறக்குருடு, காது, பல், தட்டைப் பாதம், முட்டி இடித்தல், எடை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். எடை, காது அழுக்கு, சொத்தைப் பல் மாதிரியானவற்றைச் சில மாதத்தில் சரிசெய்துவிடலாம். நிறக்குருடு போன்றவை இருந்தால் சரிசெய்ய வழியில்லை, அது அன்றைக்கே தெரிந்துவிட்டால் இரண்டு வருஷம் மிச்சம். கூடவே 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓட முடிகிறதா, ஆறு புல்-அப் எடுக்க முடிகிறதா என்று நாளை காலையிலேயே பாருங்கள்.